முகம் வராதது கையின் குற்றமல்ல

இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு தென்னை மரம், ஓட்டு வீடு. இவற்றை எல்லாக் குழந்தைகளும் வரைகிறார்கள். யாரும் குறை சொல்வதில்லை. சிக்கல் மனித முகத்தில்தான் தொடங்குகிறது. பாட்டியைப் பார்த்து வரைந்த படத்தில் பாட்டி இல்லை, வேறு யாரோ இருக்கிறார். ஒரு கண் மேலே ஏறியிருக்கிறது, மூக்கு ஒட்டவைத்ததுபோல் நிற்கிறது. பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். கூடவே தீர்ப்பும் வந்துவிடுகிறது: “முகமெல்லாம் வரையறதுக்குக் கை வேணும். அது பொறப்புலயே வரணும்.” பத்துப் பன்னிரண்டு வயதில் கேட்ட அந்தத் தீர்ப்பை அறுபது வயதிலும் சுமந்துகொண்டு, “எனக்கு ஒரு கோடுகூட நேரா வராது” என்று சொல்பவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பு தவறு. ஓரளவு உண்மை, ஓரளவு மிகை என்று சமாதானம் செய்துகொள்ளக்கூடிய தவறுகூட அல்ல, அடிப்படையே தவறு. தொடக்கநிலையில் இருப்பவருக்கு முகம் வராமல் போகும் காரணம் கையில் இல்லை. தலை என்பது எப்படிப்பட்ட பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதுதான் காரணம். சொல்லித் தந்தால் வரும். இதற்கான சான்று ஓவிய வரலாற்றில் இருக்கிறது, உளவியல் ஆய்வுகளில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், பார்த்தவர்கள் சிரித்த அந்தப் படத்திலேயே இருக்கிறது.

முதலில் அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். குற்றம் கையுடையது என்றால் பிழைகள் கண்டபடி சிதறிக் கிடக்க வேண்டும். நடுங்கும் கை ஒருவருக்குக் கண்ணை மேலே ஏற்றும், இன்னொருவருக்குக் கீழே இறக்கும். ஒருவர் மண்டையைச் சிறிதாக்குவார், மற்றவர் பெரிதாக்குவார். நடப்பது அதுவல்ல. பயிற்சியில்லாத பத்துப் பேரிடம் தாளும் பென்சிலும் கொடுத்து ஒரு முகம் வரையச் சொல்லுங்கள். அநேகமாகப் பத்துப் பேருமே கண்களைத் தலையின் மேற்பகுதியில் வைப்பார்கள். நெற்றி ஒடுங்கிப்போகும், தலைமுடி நெற்றிக்கு மேல் மெல்லிய பட்டையாக ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டு முகம் என்றால் பின்மண்டை வெட்டுப்பட்டிருக்கும். காது முன்னால் நகர்ந்து கன்னத்தின் மேல் உட்காரும். மூக்கு எதிர்முகத்திலும் பக்கவாட்டில் பார்த்ததுபோல வளைந்து நிற்கும்.

ஜெர்மனியின் பாம்பெர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கிளாஸ்-கிறிஸ்டியன் கார்பனும் அவருடைய சக ஆய்வாளரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பதிவுசெய்தது. சாதாரண மனிதர்கள் வரையும் முகங்களில் கண்கள் முறையாகவே, அதாவது எப்போதும் ஒரே திசையில், இடம் மாறி மேலே ஏறுகின்றன. அமெரிக்க ஓவிய ஆசிரியர் பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் எழுதிய புகழ்பெற்ற பயிற்சி நூலிலும் வெட்டுப்பட்ட மண்டை என்ற இந்தப் பிழைக்குத் தனி இடம் கொடுத்தார். அவரிடம் வந்த மாணவர்களிடம் அது அவ்வளவு பரவலாக இருந்தது. எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே திசையில் தவறுகிறார்கள் என்றால் அவர்களின் கைகளைக் குறைசொல்ல வழியில்லை. எல்லாரும் ஒரே தவறான தகவலோடு தாளுக்கு முன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அதற்குப் பொருள்.

கைக்கு உள்ள திறனைப் பற்றித் தமிழர்கள் சந்தேகப்படவே வேண்டியதில்லை. ஐந்து வயதில் ‘இ’ எழுதக் கற்ற விரல்கள் அவை. ‘ஐ’யின் சுழியும் ‘ழ’வின் கீழிறங்கும் வளைவும் ‘ஞ’வின் மடிப்பும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இடத்தில், ஒரே இழுப்பில், ஒவ்வொரு முறையும் அடையாளம் தெரியும்படி வர வேண்டும். அந்த எழுத்துகளைக் கோடு போட்ட நோட்டில் ஒழுங்காக எழுதத் தெரிந்த கைக்கு, ஓர் இமையின் வளைவையோ தாடையின் கோட்டையோ இழுப்பது பெரிய வேலையில்லை. முகம் வரையத் தேவைப்படும் விரல் கட்டுப்பாடு, கையெழுத்துக்குத் தேவைப்படும் அளவைவிடப் பெரிதாக ஒன்றும் கூடியதல்ல.

இதையும் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். டேல் கோஹன், சூசன் பென்னட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1997இல் ஒரு நேரடியான கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: தாங்கள் பார்ப்பதைப் பெரும்பாலானவர்களால் ஏன் வரைய முடிவதில்லை? கையின் ஒத்துழைப்பின்மை, கோடு தேர்ந்தெடுப்பதில் பிழை, வரைந்ததைச் சரிபார்ப்பதில் பிழை, பொருளையே தவறாகக் காண்பது என்று நான்கு காரணங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தார்கள். கையின் பங்கு மிகச் சிறியது என்பதே கிடைத்த விடை. பிழையின் முதன்மை ஊற்று, வரைபவர் பொருளைத் தவறாகக் காண்பது. படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துத் தடம் எடுக்கச் சொன்னால் அதே கை ஒழுங்காக எடுத்துவிடுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

அப்படியானால் கண் ஏன் முகத்தைத் தவறாகக் காண்கிறது? முகம் நமக்கு அவ்வளவு முக்கியம் என்பதால்தான். ரஷ்ய ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ், மனிதர்கள் ஒரு படத்தைப் பார்க்கும்போது கண்மணி எங்கெங்கே போய் நிற்கிறது என்று பதிவுசெய்தவர். முகம் ஒன்றைக் காட்டினால் பார்வை திரும்பத் திரும்பக் கண்களுக்கும் வாய்க்கும் போகிறது. நெற்றிக்கும் உச்சிக்கும் கன்னத்துக்கும் ஏறக்குறையப் போவதே இல்லை. கோபமா, மகிழ்ச்சியா, இவர் நம்மவரா என்ற செய்தி அந்த இடங்களில்தான் இருக்கிறது. மூளை செய்தி இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறது, செய்தி இல்லாத இடத்தைச் சுருக்கிவிடுகிறது. தாளில் கண்கள் மேலே ஏறுவதும் மண்டை சுருங்குவதும் இதனால்தான்.

யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்சன் 1980இல் காட்டிய ஒரு படம் இதை இன்னும் தெளிவாக்கும். அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் நிழற்படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். பிறகு முழுப் படத்தையும் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். பார்த்தவர்களுக்கு அதில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. நேராகத் திருப்பியதும் கோரமாகத் தெரிந்தது. முகத்தை ஒட்டுமொத்தமாக வாசிப்பதற்கு நம் மூளை பழகியிருக்கிறது. உறுப்புகளுக்கு இடையிலான இடைவெளியை அளந்து பார்க்க அது பழகவில்லை. வாசிப்பது ஒரு வேலை, வரைவது வேறு வேலை. இரண்டாவது வேலையை யாரும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வருவதில்லை.

இங்கேதான் தொடக்கநிலை மாணவருக்கு இன்று அதிகமாகக் கிடைக்கும் பாடமும் பிழையாகிவிடுகிறது. ‘கண் வரைவது எப்படி’, ‘உதடு வரைவது எப்படி’, ‘மூக்கு வரைவது எப்படி’ என்று தனித்தனிக் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் மணிக்கணக்காக உட்கார்ந்து, 6பி பென்சிலால் ஷேடிங் செய்து, கண்மணியில் ஒளிப்புள்ளி வைத்து, ஒவ்வொரு இமைமயிரையும் இழைத்து, ஒற்றைக் கண்ணை அழகாக முடித்துவிடுகிறார்கள். முழு முகம் என்று வந்ததும் சறுக்குகிறார்கள். மூளை ஏற்கெனவே மிகைப்படுத்தும் உறுப்புகளையே இந்தப் பாடம் மேலும் மிகைப்படுத்துகிறது. மூளை மறைத்துவிடும் மண்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அழகான கண் தவறான இடத்தில் உட்கார்ந்தால் அது தவறான முகம்தான். சுமாரான கண் சரியான இடத்தில் உட்கார்ந்தால் பாட்டியின் ஜாடை வந்துவிடும்.

ஜாடை எங்கே இருக்கிறது என்பதை நாம் அறியாமலே அறிந்திருக்கிறோம். தெருமுனையில் திரும்பும் அண்ணனைக் கண்ணும் மூக்கும் தெரியாத தொலைவிலேயே அடையாளம் கண்டுகொள்கிறோம். முதுகைக் காட்டிக்கொண்டு பேருந்தின் முன் இருக்கையில் இருப்பவர் பழைய வாத்தியார் என்று பின்மண்டையை வைத்தே சொல்லிவிடுகிறோம். தலையின் மொத்த வடிவமும், கழுத்தில் அது உட்காரும் சாய்வும்தான் அங்கே வேலை செய்கின்றன.

இதற்கு வலுவான சான்று மண்டையோடே. 1895இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ், லைப்ஸிக்கில் தோண்டியெடுக்கப்பட்ட ஒரு மண்டையோடு இசைமேதை ஜொஹான் செபாஸ்டியன் பாக்கினுடையதுதானா என்று ஆராய்ந்தார். முகத்தின் பல புள்ளிகளில் எலும்புக்கு மேல் சதை எவ்வளவு கனம் என்று சடலங்களில் அளந்து, அந்த அளவுகளைச் சிற்பி கார்ல் செஃப்னரிடம் கொடுத்தார். அவற்றை வைத்துச் செஃப்னர் மண்டையோட்டின் மேல் முகத்தை உருவாக்கினார். சோவியத் நாட்டின் மிகாயில் கெராசிமோவ் இதே வழியை மேலும் வளர்த்தார். 1941 ஜூனில் சமர்கண்டில் தைமூரின் கல்லறை திறக்கப்பட்டபோது கிடைத்த மண்டையோட்டிலிருந்து தைமூரின் முகத்தை மீட்டுத் தந்தவர் அவர். நெற்றியில் எலும்புக்கு மேல் இருக்கும் தோலும் சதையும் சில மில்லிமீட்டர் கனம்தான். முகம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு எலும்பு. லியொனார்டோ டா வின்சி 1489இல் மண்டையோட்டை அறுத்து, உள்ளும் புறமும் வரைந்து வைத்ததற்கு ஓவியன் என்ற முறையில் அவருக்கு இருந்த தேவையும் ஒரு காரணம்.

ஆகவே கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்பது தெளிவு. அது அளவிறந்த ரகசியமும் அல்ல. வளர்ந்தவரின் தலையில் உச்சிக்கும் தாடையின் அடிக்கும் சரிபாதியில் கண்கள் இருக்கின்றன. முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம் வரை ஒரு பங்கு, புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை ஒரு பங்கு, அங்கிருந்து தாடை வரை ஒரு பங்கு. மூன்றும் ஏறத்தாழச் சமம். தலையின் அகலம் ஐந்து கண்களின் அகலம். இரண்டு கண்களுக்கு நடுவே ஒரு கண் வைக்கும் இடம். பக்கவாட்டில் பார்த்தால் நெற்றியிலிருந்து பின்மண்டை வரையுள்ள ஆழம் தலையின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட நிகர். காது அந்த ஆழத்தின் பாதிக்குச் சற்றுப் பின்னால், புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் நிற்கிறது. கைக்குழந்தையின் கண்கள் பாதிக்கும் கீழே இருக்கின்றன. முகத்தைவிட மண்டை முந்தி வளர்ந்துவிடுவதே காரணம். பெரியவர் முகத்தைச் சிறிதாக்கினால் குழந்தை முகம் ஆகாது என்பது இதனால்தான்.

அமெரிக்க விளம்பர ஓவியர் ஆண்ட்ரூ லூமிஸ் இதை ஒரு வேலைமுறையாகவே எழுதி வைத்தார். தலையையும் கைகளையும் பற்றிய அவருடைய நூல் 1956இல் வந்தது. முதலில் ஒரு பந்து. அதன் இரு பக்கமும் பொட்டுப் பகுதிக்காகச் சீவிவிட வேண்டும். பந்தைச் சுற்றிப் புருவக்கோடு, முகத்தின் நடுவே இறங்கும் நடுக்கோடு. அந்தக் கோட்டில் அளவு பார்த்துத் தாடையை இறக்க வேண்டும். கண், மூக்கு, வாய் எல்லாம் கடைசியில்தான். தலை குனிந்தால் புருவக்கோடு கீழ்நோக்கி வளையும், அண்ணாந்தால் மேல்நோக்கி வளையும். கண், மூக்கு, வாய் மூன்றும் அந்த வளைவைப் பின்பற்றும். தலை ஒரு தட்டையான வட்டமல்ல, திரும்பவும் சாயவும் கூடிய கனமான பொருள் என்பதை மாணவர் உணர்வது இந்தக் கட்டத்தில்தான். நெற்றியின் முன்பக்கம் ஒரு தளம், பொட்டு இன்னொரு தளம், கன்ன எலும்புக்குக் கீழே மற்றொரு தளம் என்று புரிந்துவிட்டால் ஷேடிங் எங்கே அழுத்தமாக விழ வேண்டும் என்று ஊகித்துத் தேய்க்க வேண்டிய வேலையும் இல்லாமல் போகிறது.

பிறவித் திறமை என்று வாதிடுபவர்கள் இந்த இடத்தில் மேதைகளைச் சாட்சிக்கு அழைப்பார்கள். ரவிவர்மா எந்த ஓவியப் பள்ளியில் படித்தார் என்று கேட்பார்கள். 1848இல் கிளிமானூரில் பிறந்த அவருக்கு மாமா ராஜராஜ வர்மாவே ஓவியர், முதல் ஆசிரியர். பதினான்கு வயதில் மாமாதான் அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்த இராமசாமி நாயக்கர் தம் நுட்பத்தைச் சொல்லித் தர மறுத்ததையும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சொல்லிக் கொடுத்ததையும் வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. 1868இல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. வீட்டில் ஆசிரியர், அரண்மனையில் வண்ணம், பார்த்துக் கற்க ஒரு தேர்ந்த கை. இதைச் சொல்வதால் ரவிவர்மாவின் புகழ் குறையாது. பள்ளிக்குப் போகவில்லை என்பதும் கற்றுக்கொள்ளவில்லை என்பதும் ஒன்றல்ல.

ஆல்பிரெக்ட் டியூரர் 1484இல், பதின்மூன்று வயதில், வெள்ளி முனையால் வரைந்த தன்னுருவம் வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் சிறுவனின் தந்தை பொற்கொல்லர். மகன் வேலை பழகியது அவருடைய பட்டறையில். பிக்காசோவின் தந்தை ஓவிய ஆசிரியர். ஷார்ல் பார்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1860களின் பிற்பகுதியில் வெளியிடத் தொடங்கிய பயிற்சித் தாள்களைப் பார்த்துச் சிறுவன் பிக்காசோ வரைந்த படிகள் இன்றும் இருக்கின்றன. மேதைகளைச் சாட்சிக்கு அழைத்தால் அவர்கள் ஒவ்வொருவராக வந்து தம் ஆசிரியரின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அதே பார்க்கின் தாள்களைப் பிக்காசோவுக்கு முன்பே இன்னொருவர் வரைந்து தீர்த்தார். அவர் சிறுவனும் அல்லர், கைதேர்ந்தவரும் அல்லர். வின்சென்ட் வான்கோ ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880இல், இருபத்தேழு வயதில். அதற்கு முன் கலைப்பொருள் விற்பனைக் கடையிலும் ஆசிரியராகவும் மதப் பணியிலும் இருந்துவிட்டு, எதிலும் நிலைக்காமல் பெல்ஜியத்தின் சுரங்கப் பகுதியில் தங்கியிருந்தார். அவருடைய ஆரம்ப வரைபடங்களைப் பார்ப்பவர் யாரும் பிறவிக் கை என்று சொல்ல மாட்டார்கள். உருவங்கள் மரக்கட்டைபோல் விறைத்து நிற்கின்றன. அவர் பார்க்கின் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் படியெடுத்தார், முடித்துவிட்டு மறுபடியும் தொடங்கினார். பிறகு 1884–85 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் நியூனன் கிராமத்தில் ஒரு திட்டம் வகுத்தார்: ஐம்பது உழவர் தலைகள் வரைய வேண்டும். ஏறத்தாழ நாற்பதை முடித்தார். அந்த வரிசை வேலைக்குப் பிறகுதான் 1885இல் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியம் பிறந்தது. தலை வரையத் தெரியாத ஒருவர், தலை வரையக் கற்றுக்கொண்டே தீர வேண்டும் என்று உட்கார்ந்து, கற்றுக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் தேவையில்லை.

பிறவித் திறமை வாதம் தளர்ந்ததும் அதன் இடத்தில் இன்னொரு வாதம் வந்து நிற்கும். “அளவு சொல்லிக் கொடுத்தா எல்லா முகமும் ஒரே மாதிரி ஆயிடும், கலை செத்துடும்” என்பது அது. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதம்தான் நல்ல ஆசிரியர்களைக்கூட அளவைச் சொல்லித் தராமல் தடுக்கிறது.

இந்த மண்ணின் சிற்ப மரபு இதை ஒருபோதும் ஏற்றதில்லை. சுவாமிமலையில் வார்ப்புச் சிலை செய்யும் ஸ்தபதி, சிலையின் உயரத்துக்குத் தென்னையோலைக் கீற்றை நறுக்கி, அளவுப்படி மடித்து வைத்துக்கொண்டுதான் மெழுகைத் தொடுகிறார். அந்த ஒடியோலையின் மடிப்புகளில் முகம் எங்கே முடிகிறது, மார்பு எங்கே தொடங்குகிறது என்பது குறிக்கப்பட்டிருக்கிறது. முக நீளமே தாலம் என்ற அடிப்படை அலகு. நெற்றி, மூக்கு, மூக்கின் அடியிலிருந்து தாடை என்று அந்த முகம் மூன்று பங்காகிறது. ரோமானியக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ் எழுதிவைத்த முக அளவும் இதே மூன்று பங்குதான். ஒரே அளவு நூலிலிருந்து நடராஜரும் வருகிறார், நாணி நிற்கும் பார்வதியும் வருகிறார், பேயுருவான காரைக்கால் அம்மையாரும் வருகிறார். புள்ளி வைத்துக் கோலம் போடும் வீடுகளில் எல்லா வாசலிலும் ஒரே கோலமா இருக்கிறது?

டியூரர் இதற்கு இன்னும் நுட்பமான விடை வைத்திருந்தார். மனித உடல் அளவுகளைப் பற்றிய அவருடைய நான்கு புத்தகங்கள் 1528இல், அவர் இறந்த சில மாதங்களில் வெளிவந்தன. அதில் ஒரு முகத்தின் மேல் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் இழுத்து, பிறகு அந்தக் கோடுகளை மட்டும் நகர்த்திக் காட்டுகிறார். ஒரு கோடு மேலே போனால் நெற்றி குறுகிய ஒருவர். சாய்ந்தால் தாடை துருத்திய வேறொருவர். இரண்டு மனிதர்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைக் காண்பதற்கே அவர் அளவைப் பயன்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டில் இதைக் கணினியும் உறுதிசெய்தது. 1980களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் படித்த சூசன் பிரென்னன், கேலிச்சித்திரம் வரையும் மென்பொருள் ஒன்றை உருவாக்கினார். ஒரு சராசரி முகத்தோடு குறிப்பிட்ட ஒருவரின் முகத்தை ஒப்பிட்டு, எங்கெங்கே விலகுகிறதோ அந்த விலகலை மட்டும் பெருக்கியது அது. உடனே அந்த மனிதர் துலங்கினார். ஜாடை என்பது பொது அளவிலிருந்து ஒருவர் விலகும் விதம். பொது அளவே தெரியாதவர் விலகலை எதை வைத்துக் காண்பார்?

மூன்றாவது வாதம் சோர்வில் பிறந்தது. எதற்கு இவ்வளவு பாடு, நிழற்படத்தில் கட்டம் போட்டுத் தாளிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக வரைந்தால் நடிகர் முகம் அச்சு அசலாக வந்துவிடுகிறதே என்பது. கட்டம் நேர்மையான கருவி. சிறு படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்க ஓவியர்கள் காலங்காலமாக அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஆனால் கட்டம் ஒரு தாளில் இருப்பதை இன்னொரு தாளுக்குக் கொண்டுபோகும். தலை என்றால் என்ன என்று சொல்லித் தராது. அதில் மட்டுமே பழகிய மாணவரை எதிரில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவை வரையச் சொன்னால் திகைத்துப்போகிறார். தாத்தாவின் மேல் கட்டம் இல்லை, தாத்தா அசைகிறார்.

நிழற்படமும் நாம் நம்பும் அளவுக்கு உண்மை பேசுவதில்லை. கைப்பேசியை முகத்திலிருந்து 12 அங்குலத்தில் பிடித்து எடுக்கும் படத்தில், 5 அடியில் எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு கணக்கிட்டது. தலையின் கட்டமைப்பை அறிந்தவர் அந்தத் திரிபைக் கண்டுகொண்டு திருத்துவார். அறியாதவர் திரிபையும் சேர்த்துப் படியெடுத்துவிட்டு, இவ்வளவு கவனமாக வரைந்தும் ஏன் ஆள் மாதிரி இல்லை என்று குழம்புவார்.

கட்டத்தைக் கொண்டே உலகப் புகழ் பெற்றவர் சக் குளோஸ். அவருடைய வாழ்க்கை பிறவித் திறமை வாதத்துக்கே நேர் எதிரான சாட்சி. அவருக்கு முகங்களை அடையாளம் காண முடியாத குறைபாடு இருந்தது. பழகியவர்களின் முகமே நினைவில் நிற்காது. அப்படிப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் முகங்களையே, ஆளுயரத்துக்கும் மேற்பட்ட அளவில் வரைந்தார். 1988இல் முதுகுத்தண்டின் ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டு உடலின் பெரும்பகுதி செயலிழந்தது. கையில் தூரிகையைக் கட்டிக்கொண்டு மறுபடியும் முகங்களை வரைந்தார். முகத்தைக் காணும் பிறவிக் கண்ணும் அவருக்கு இல்லை. பின்னாளில் கையும் இல்லை. பொறுமையாக அளந்து, ஒப்பிட்டு, வைக்கும் அறிவு இருந்தது.

எல்லாரும் டியூரர் ஆகிவிடலாம் என்பது இங்கே வாதமல்ல. சிலர் விரைவாகக் கற்பார்கள், சிலர் மெதுவாகக் கற்பார்கள்; மகத்தான கலைக்குப் பயிற்சிக்கு அப்பாலும் ஏதோ தேவைப்படுகிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டியைப் பாட்டியாக வரைவது மகத்தான கலையல்ல; அது எழுதப் படிக்கக் கற்பதுபோன்ற அடிப்படைத் திறன். பெட்டி எட்வர்ட்ஸ் தம் ஐந்து நாள் வகுப்புகளில் மாணவர்களின் முதல் நாள் தன்னுருவத்தையும் கடைசி நாள் தன்னுருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டார். வலது மூளை, இடது மூளை என்று அவர் கொடுத்த விளக்கத்தை நரம்பியலாளர்கள் பலர் ஏற்பதில்லை. அந்தப் படங்களை யாரும் மறுக்க முடியாது. ஐந்து நாளில் புதுக் கை முளைத்துவிடாது; பார்க்கும் விதம்தான் மாறியது.

சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் ஓவியப் பள்ளி தொடங்கியபோதே, ஓவியம் சொல்லித் தரக்கூடியது என்பது இந்த ஊரில் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. அந்தப் பள்ளி வளர்ந்து எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரியாக நிற்கிறது. கோயில் சிற்பங்களை ஆனந்த விகடனில் வரிவரியாக வரைந்து தமிழ் வீடுகளுக்குக் கொண்டுவந்த சில்பி அங்கே படித்தவர். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லித் தரப்படும் ஒன்றைச் சொல்லித் தர முடியாதது என்று பள்ளி வகுப்பறைகளில் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர்கள் குழந்தைகள். ஒரு கணக்குத் தவறாகப் போட்ட பிள்ளையிடம், “உனக்குக் கணக்கு பொறப்புலயே இல்ல” என்று சொல்லிவிட்டு நோட்டை மூடும் ஆசிரியரை எந்தப் பெற்றோரும் பொறுக்க மாட்டார்கள். ஓவிய வகுப்பில் அதையே ஏற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

ஓவிய ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். முகம் கோணலாக வந்தால் கையைக் குறைசொல்லாதீர்கள். ஒரு ஸ்கேலைக் கொடுத்து, கண்ணாடி முன் நிற்கவைத்து, உச்சியிலிருந்து கண் வரை எவ்வளவு, கண்ணிலிருந்து தாடை வரை எவ்வளவு என்று பிள்ளையையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறையச் சமம் என்று தெரிந்ததும் அதே பிள்ளையை அதே முகத்தை மறுபடியும் வரையச் சொல்லுங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “எனக்கு ஒரு கோடுகூட நேரா வராது” என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவரும் பெரியவர்களும் அந்த ஸ்கேலை வாங்கி, தங்கள் தலையிலிருந்தே தொடங்கலாம்.